கசிவைக் காப்பாற்றியவர்கள்

எண்பத்தாறாம் வருஷக் கோடையில் செகந்திராபாத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள், மெட்டுகூடா பழைய பேக்கரி சந்தின் முனையில் தரைக்கடியிலிருந்த குழாய் வெடித்தது. சந்துக்குள் போகவேண்டிய தண்ணீர் முனையிலேயே பொங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கச் சாக்கடையில் போய் விழுந்தது. வீட்டுக் குழாய்களைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது.

சந்தின் நடுவில் கிதியோன் குடியிருந்தார். ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. அவருடைய அப்பா காலத்திலேயே தெற்கே நாசரேத்திலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். புகார் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. மற்றவர்களுடைய புகாரைக் கேட்டுக்கொள்வதே அவருடைய உத்தியோகமாக இருந்ததால், புகாரினால் என்ன நடக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"போய்ச் சொல்லுதீங்களா, இல்ல பிள்ளையக் கூட்டிக்கிட்டு உங்க ஆபீஸ் குழாயில வந்து குளிப்பாட்டவா?" என்று கேட்டாள் அவருடைய மனைவி செலின்.

கிதியோன் குடிநீர் ஆபீசுக்குப் போய்ச் சொன்னார். அவர்கள், நாளைக் காலை ஃபிட்டர் வருவார், போங்கள் என்றார்கள். அத்தோடு அவர் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் வரும் வழியில் ஒரு பெரிய கட்டடத்தின் நெற்றியில் 'தேசிய நீர்வளப் பொதுமக்கள் கல்விக் கழகம்' என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்ததைப் பார்த்தார். தண்ணீர் என்று போட்டிருக்கிறதே, இங்கேயும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நல்லதுதானே என்று நினைத்தார். எந்த வேலையிலும் சற்றுக் கூடுதல் எச்சரிக்கையாக இருப்பது அவருடைய சுபாவம். அதுதான் அவரைக் கெடுத்தது.

கழகம் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம். தண்ணீரின் அருமையை மக்களுக்குக் கற்பிப்பதற்கென்றே நிறுவப்பட்டது. வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு செயற்கை நீரூற்று சலசலத்துக்கொண்டிருந்தது. வெயிலில் வந்த கிதியோன் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"ஆபீஸ்ல தண்ணி இல்லே. எதிர்ல டீக்கடைக்குப் போங்க" என்றார் பியூன். நீரூற்றைக் காட்டியதும் அவர் முகம் மாறியது. "அதைத் தொடாதீங்க. அது டெமான்ஸ்ட்ரேஷன்."

துணை இயக்குநர் புருஷோத்தமன், வந்திருப்பவர் தமிழர் என்று தெரிந்ததும் உட்காரச் சொன்னார். கிதியோன் விஷயத்தைச் சொன்னார். புருஷோத்தமன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"லீக்கேஜா? இப்பவும் ஒழுகிண்டிருக்கா?"

"ஒழுகல சார், பீறிட்டு அடிக்கி."

"நிஜத் தண்ணியா?"

"வேற என்ன தண்ணி சார்?"

கழகம் தொடங்கிய நாள் முதல் நீர் வீணாவதைப் பற்றிப் பாடம் நடத்தி வந்தாலும், வீணாகும் நீரைக் காட்ட அவர்களிடம் ஒரு பிளாஸ்டர் பொம்மைக் குழாய்தான் இருந்தது. அதிலிருந்து ஒழுகும் தண்ணீர் நீலப் பெயிண்டால் செய்யப்பட்டது. பல ஊர்களுக்கு எடுத்துப் போனதில் நீலம் உரிந்துவிட்டது. குழாயிலிருந்து ஏன் சுண்ணாம்பு வருகிறது என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். புருஷோத்தமன் கிதியோனின் கையைப் பிடித்து இயக்குநர் ஜகதீசனின் அறைக்கு அழைத்துப் போனார். ஜகதீசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்களை மூடி, "ஃபைனலி" என்றார்.

மறுநாள் காலை ஃபிட்டர் யாதகிரி சொன்னபடி வந்துவிட்டார். சைக்கிளில் இரும்புப் பட்டையும் ரப்பரும் கொண்டுவந்திருந்தார். ஆனால் அவருக்கு முன்னால் கழகத்தின் ஜீப் வந்துவிட்டிருந்தது. பள்ளத்தைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். காக்கி உடுப்பில் ஒரு காவலாளி நின்றார்.

"கைக்கு சாப், எதுக்கு இந்தக் கயிறு? அரை மணி நேர வேலை" என்றார் யாதகிரி.

ஜகதீசன் அவரைப் பார்க்காமல் கிதியோனைப் பார்த்துப் பேசினார். "மிஸ்டர் கிதியோன், ஒரு கசிவை யார் வேணும்னாலும் அடைச்சிடலாம். அதுக்கு எதுக்கு ஒரு தேசிய நிறுவனம்? அடைச்சா என்ன ஆகும்? வீட்டுக்குத் தண்ணி வரும். தண்ணி வந்துடுத்துன்னா தண்ணியோட அருமையை எவன் உக்காந்து கேக்கப் போறான்? வராத வரைக்கும்தான் நம்ம பேச்சுக்கு மதிப்பு. அதனால இதை நாங்க பாதுகாக்கறதா முடிவு பண்ணியிருக்கோம்."

"எதை சார்?"

"கசிவை."

யாதகிரி இரும்புப் பட்டையைத் திரும்பச் சைக்கிளில் கட்டினார். மத்திய சர்க்கார் ஜீப்பின் முன்னால் குடிநீர் ஆபீஸ் ஃபிட்டர் என்ன செய்துவிட முடியும்?

அந்த வாரத்திலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்களில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். கயிற்றைச் சுற்றி நிற்கவைத்து, "பாருங்கள், எவ்வளவு வீணாகிறது!" என்று சொல்லப்பட்டது. பார்த்தார்கள். பிறகு அவர்களுக்குத் தாகம் எடுத்தது. சந்திலிருந்த வீடுகளின் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டார்கள். கிதியோனின் மகள் ஐவி, ஏழாம் வகுப்புப் படிப்பவள், வீட்டிலிருந்த கடைசிக் குடத்தை எடுத்து ஊற்றினாள்.

செலின் காலி பக்கெட்டோடு பள்ளத்துக்குப் போனாள். காவலாளி மறித்தார். அவள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே குனிந்ததும் புருஷோத்தமன் ஓடிவந்தார்.

"அம்மா, அம்மா! இதைத் தொடக் கூடாது."

"சாக்கடைக்குத்தான சார் போகுது?"

"அதான் பாயிண்ட். சாக்கடைக்குப் போனாத்தான் அது வீணாகற தண்ணி. நீங்க பக்கெட்ல புடிச்சிட்டா அது உபயோகமாகற தண்ணி ஆயிடும். பாடமே மாறிடும்மா."

செலின் வீட்டுக்கு வந்து கணவனிடம் இதைச் சொன்னாள். அவர் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பார்சல் ஆபீசில் கூட அவர் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. "படிச்சவங்க, ஏதாவது இருக்கும்" என்றார் மெதுவாக. செலின் பக்கெட்டை அவர் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் அதை எடுத்துக்கொண்டு ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு நடந்தார். அன்றிலிருந்து தினமும் ஆபீசுக்கு முன்னும் பின்னும் நடந்தார்.

அடுத்ததாக, மகளிர் கல்வி அதிகாரி சாவித்ரி வீடு வீடாக வந்தாள். எதிர்வீட்டு அபயாம்பாள், பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி. நறுக்கென்று பேசுகிறவள். அவளை உட்காரவைத்து சாவித்ரி வண்ண அட்டைகளைக் காட்டினாள்.

"ஷவர்ல குளிக்கக் கூடாது மாமி. பக்கெட்ல ரொப்பிண்டு குளிக்கணும். கார் அலம்பறதுக்கு ஹோஸ் பைப் கூடாது."

"ஏண்டிம்மா, பக்கெட்ல ரொப்பறதுக்கு ஜலம்?"

"அது எங்க சப்ஜெக்ட் இல்லை மாமி. இருக்கற ஜலத்தை எப்படி மிச்சம் பிடிக்கறதுங்கறது மட்டும்தான் நாங்க."

"இல்லாத ஜலத்தை மிச்சம் பிடிச்சாச்சு. எழுந்துக்கோ" என்றாள் அபயாம்பாள். சாவித்ரி கழகத்துக்குப் போய், எதிர்வீட்டு மாமி பாடத்தை முழுமையாகப் பின்பற்றுகிறார் என்று தெரிவித்தாள்.

மே மாதம் வந்ததும் ஏரிகள் வற்றின. குழாயில் வரும் தண்ணீர் குறைந்தது. கூடவே கசிவும் மெலிந்தது. பீறிட்டுக்கொண்டிருந்தது சொட்ட ஆரம்பித்தது. கழகத்தில் எல்லோருக்கும் கவலை வந்துவிட்டது. சொட்டுவதைப் பார்க்க யார் வருவார்கள்? அதுவும் ஜூன் மாதம் நீர்வளப் பாதுகாப்பு வாரத்துக்கு டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி வரப்போகிறார். ஜகதீசன் டெல்லிக்கு டெலிபோன் செய்தார். டெல்லி குடிநீர் ஆபீசின் மேலிடத்துக்கு ஒரு வார்த்தை சொன்னது. அதன் பிறகு மெட்டுகூடாவின் அந்த ஒரு குழாய்க்கு மட்டும், பார்வை நேரம் முழுவதும், தினமும் தண்ணீர் விடப்பட்டது. அதுவும் போதவில்லை. ஜீப் டிரைவர் பள்ளத்தில் இறங்கிக் கடப்பாரையால் ஓட்டையைப் பெரிதாக்கினார். அவருக்கு வெயில் படாமல் புருஷோத்தமனே குடை பிடித்தார்.

கசிவு பழைய உடல்நிலைக்குத் திரும்பியது.

நாள் முழுவதும் தண்ணீர் விட்டதில் சந்து வீடுகளுக்கும் நூல் மாதிரி கொஞ்சம் வந்தது. ஜனங்கள் சந்தோஷப்பட்டுப் பிடித்தார்கள். மாலையில் தண்ணீரை நிறுத்தியதும், பள்ளத்தில் தேங்கிய சாக்கடையும் ஜீப்பின் எண்ணெயும் பெரிதாக்கிய ஓட்டை வழியாகக் குழாய்க்குள்ளேயே போனது யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் கலங்கலாக வந்தது. செலின் துணியில் வடிகட்டிக் காய்ச்சினாள். ஆனால் விளையாடிவிட்டு வரும் பிள்ளை காய்ச்சியதா காய்ச்சாததா என்று பார்த்துக் குடிக்குமா?

ஜூன் பிறந்தபோது ஐவி சாப்பாட்டைத் தள்ளினாள். "நாக்கு வத்து மம்மி" என்று, வேண்டாம் என்பதைத் தெலுங்கில் முனகிவிட்டுச் சுருண்டு படுத்தாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. அபயாம்பாள் வீட்டிலும் ஒருவர், கோடிவீட்டில் இரண்டு பேர் அதே மாதிரி படுத்தார்கள். கோடிவீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் திரும்பி வரவில்லை.

கிதியோன் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் கழகத்துக்குப் போனார். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஜகதீசனின் முன்னால் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

"பிள்ளைக்கு மஞ்சக் காமாலை சார். அந்தத் தண்ணிதான். தயவுசெஞ்சு அதை அடைக்கச் சொல்லுங்க சார். கோடிவீட்டுப் பெரியவர் செத்துப் போயிட்டாரு."

ஜகதீசன் முன்னால் சாய்ந்தார். "ஜாண்டிஸா? கன்ஃபர்ம் ஆயிடுத்தா?"

"ஹவ் சார், ஆமா. டாக்டர் சொல்லிட்டாரு."

"எத்தனையோ வருஷமா கேட்டுண்டிருக்கேன் புருஷோத்தமன்!" என்று ஜகதீசன் பக்கத்திலிருந்த துணை இயக்குநரிடம் சொன்னார். "வீணாகறதுக்கு நம்மகிட்ட எக்ஸிபிட் இருக்கு. மாசுபடறதுக்கு என்ன இருக்கு? நாலு சார்ட். இப்ப ஒரே இடத்துல ரெண்டும் கிடைச்சிருக்கு." பிறகு கிதியோனிடம் கனிவாகத் திரும்பினார். "உக்காருங்க. குழந்தையை நன்னா பாத்துக்கணும். நாளைக்குக் காலைல நம்ம போட்டோகிராஃபர் வருவார். கலர் ஃபிலிம். கண்ணை நன்னா திறந்து காட்டச் சொல்லுங்கோ, மஞ்சள் தெரியணும். சீக்கிரம் எடுத்துடணும். குணமாயிட்டா பிரயோஜனம் இல்லை."

கிதியோன் நின்றுகொண்டே இருந்தார். அந்த அறையில் அதுவரை மரியாதையான தமிழ்தான் பேசியிருந்தார். இப்போது சந்தில் பேசுகிற வார்த்தைதான் வாயில் வந்தது.

"நக்கோ."

"என்ன?"

"நக்கோ சார். என் பிள்ளைய யாரும் படம் எடுக்க வேணாம்."

"நீங்க ஒரு குழந்தையைப் பாக்கறீங்க. நாங்க தேசத்தைப் பாக்க வேண்டியிருக்கு" என்றார் ஜகதீசன் வருத்தத்தோடு.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது செலின் கத்துவாள் என்று கிதியோன் எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. ஐவியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அந்த யாதகிரி எங்க இருக்காருன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

நீர்வளப் பாதுகாப்பு வாரம் தொடங்கியது. சந்தை அடைத்துப் பந்தல் போட்டார்கள். பெரியவரின் சாவு வீட்டுக்காகப் போட்டிருந்த பெஞ்சுகளையும் கேட்டு வாங்கி விருந்தினர்களுக்குப் போட்டார்கள். டெல்லிக்காரர் மேல் தூசி படாமலிருக்க லாரித் தண்ணீர் கொண்டுவந்து தெருவை நனைத்தார்கள். மேடையில் சோடாவும் கலரும் அடுக்கியிருந்தது. ஜகதீசன் பேசினார்.

"இந்தச் சந்து மக்களை நான் பாராட்டறேன். இவங்க தண்ணி இல்லாம வாழக் கத்துண்டிருக்காங்க. இது எங்க கழகத்தோட சாதனை. இதே மாதிரி இந்தியாவுல ஒவ்வொரு சந்துக்கும் நாங்க போகணும்கறது எங்க கனவு!"

முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் கை தட்டினார்கள். பின்னாலிருந்த அபயாம்பாள், "போக வேண்டிய இடம் வேற இருக்கு" என்றாள். நல்லவேளையாகவோ கெட்ட வேளையாகவோ ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது.

தலைமை விருந்தினர் கசிவைப் பார்ப்பது சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்திருந்தார்கள். எல்லோரும் ஒரு பெரிய ஓட்டலுக்குச் சாப்பிடப் போனார்கள். காவலாளிக்கும் ஒரு பிரியாணிப் பொட்டலம் வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் நிழல் தேடிப் போனார்.

யாதகிரி சைக்கிளில் வந்தார். அன்று அவருக்கு லீவு. வால்வை அடைத்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார். பெண்கள் வரிசையாக நின்று குடத்தாலும் தவலையாலும் சேற்றுத் தண்ணீரை இறைத்தார்கள். அபயாம்பாள் தலைமை விருந்தினரின் வெல்வெட் நாற்காலியைத் தானே இழுத்துவந்து சந்து முனையில் நடுச்சாலையில் போட்டு உட்கார்ந்தாள். ஜீப் வந்தால் தன்மேல் ஏற்றிக்கொண்டு போகட்டும் என்றாள். கிதியோன் ஆபீஸ் சட்டையோடு இடுப்பளவு சாக்கடையில் நின்று, யாதகிரி காட்டிய இடத்தில் இரும்புப் பட்டையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். ஸ்பேனர் வழுக்கி விரல் கிழிந்தது. அவர் கையை எடுக்கவில்லை. தன் வாழ்க்கையில் ஒரு பொருளை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வால்வைத் திறந்தார்கள். முதலில் செந்நிறமாக, பிறகு சாம்பலாக, பிறகு தெளிவாக எல்லா வீட்டுக் குழாய்களிலும் தண்ணீர் கொட்டியது.

விருந்தினர்கள் ஏப்பத்தோடு திரும்பி வந்தபோது பள்ளம் மூடியிருந்தது. டெல்லிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வேர் இஸ் இட்?" என்று கேட்டார்.

"இங்கதான் சார் இருந்தது" என்றார் ஜகதீசன். "காலைல கூட நன்னா இருந்தது சார்." கோடிவீட்டுப் பெரியவருக்காக அந்த வீட்டில் அழுதவர்கள் கூட இதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்கள்.

பிறகு தமிழில் கத்தினார். "யார் பண்ணினது இதை?"

"நான்தான் சார்" என்றார் கிதியோன். சேறு சொட்ட நின்றார்.

"இதுக்குப் பேர் என்ன தெரியுமா? நாசவேலை! சர்க்கார் பாதுகாத்து வச்சிருந்த கசிவை அழிச்சிருக்கீங்க. நாளைக்கு உங்க குழந்தை தண்ணியோட அருமையை எங்க போய்த் தெரிஞ்சுக்கும்?"

"அதுக்குத் தெரிஞ்சுபோச்சு சார்."

டெல்லிக்காரர் அதிகம் கோபப்படவில்லை. அனுபவசாலி. தானாக உண்டாகும் கசிவை நம்பி ஒரு தேசிய நிறுவனம் இருக்கக் கூடாது, எவன் வேண்டுமானாலும் வந்து அடைத்துவிடுவான், ஆகவே கழகத்துக்கென்று சொந்தமாக ஒரு கசிவு வேண்டும் என்று அங்கேயே ஆங்கிலத்தில் சொன்னார். ஜகதீசனின் முகம் தெளிந்தது.

ரயில்வேக்கு ஒரு தகவல் போனது. கிதியோனைப் பார்சல் ஆபீஸில் உயிர்க்கோழிக் கூடைகளும் மீன் பெட்டிகளும் வந்து இறங்கும் பக்கத்துக்கு மாற்றினார்கள். யாதகிரியை ஊருக்கு வெளியே, பட்டான்செருவுக்கு அப்பால் அனுப்பினார்கள். ஐவி மெல்ல மெல்லக் குணமாகிப் பள்ளிக்கூடம் போனாள். சில மாதங்கள் சந்தில் எல்லோரும் குளித்தார்கள்.

குளிர்காலத்தில் சந்து முனையில் பளிங்குக் கல் பதித்த 'நிரந்தரக் கசிவு அரங்கம்' திறக்கப்பட்டது. அதற்குப் பெரிய குழாயிலிருந்து நேராக ஒரு இணைப்பு. தண்ணீர் காலையிலிருந்து மாலைவரை இடைவிடாமல் அழகாகப் பொங்கி, கண்ணாடிக் கால்வாயில் ஓடி, சாக்கடையில் விழும். அரங்கத்துக்குப் போனது போக மிச்சமிருந்தால் சந்துக்கு வரும்படி இணைப்பை மாற்றியிருந்தார்கள். மிச்சம் இருக்கவில்லை. இந்த முறை குழாயில் எந்தப் பழுதும் இல்லாததால் யாரிடமும் புகார் சொல்ல வழியில்லை. அரங்க வாசலில் 'இங்கே வீணாகும் ஒவ்வொரு துளியும் உங்களுடையது' என்று பொன்னிற எழுத்தில் எழுதியிருந்தது.

செலின் அதைப் படித்தாள். மறுநாள் காலை சந்துப் பெண்கள் எல்லோரும் குடமும் பக்கெட்டுமாக வாசலில் நின்றார்கள். காவலாளி மறித்தார். "எங்களுடையதுன்னு நீங்கதான எழுதி வச்சிருக்கீங்க" என்றாள் செலின். புருஷோத்தமன் வந்து பார்த்தார். திறப்பு விழாவுக்குப் பிறகு அரங்கத்துக்கு ஒரு ஈ கூட வரவில்லை, டெல்லி கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் யோசித்து ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். தண்ணீர் பிடிக்கலாம், ஆனால் முதலில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் சந்துப் பெண்கள் காலிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பதைப் பற்றி சாவித்ரி பேசுவதைக் கேட்டார்கள். பின்னால் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஆண்டு பொதுமக்களின் ஆர்வம் நாட்டிலேயே மெட்டுகூடாவில்தான் அதிகம் என்று கழகம் அறிவித்தது. டெல்லிக்காரர் மறுபடி வந்தார். முதல் வரிசையில் முதல் ஆளாகக் குடத்தோடு உட்கார்ந்திருந்த செலினிடம், இங்கே வந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டார். ஜகதீசன் ஆவலோடு குனிந்து அதைத் தமிழில் கேட்டார்.

செலின் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சீக்கிரமா வந்து எடம் பிடிக்கணும்னு சார்" என்றாள்.